ஒட்டுப் போட்ட குடம்

பழைய பாத்திரம் வாங்குகிறவர் வாசலில் அம்மாவின் வெண்கல உருளியைக் கவிழ்த்து, விரலை மடக்கித் தட்டினார். அந்தக் கார்வை அடங்குவதற்குள் எனக்கு அத்தை ஞாபகம் வந்துவிட்டது.

அப்பாவின் அக்கா அவள். கண் தெரியாது. புருஷன் போனபின் பாளையங்கோட்டையில் எங்களோடுதான் இருந்தாள். அடுக்களையில் எது விழுந்தாலும் பேர் சொல்லிவிடுவாள். "கரண்டி இல்லட்டி, இட்லிக்கொப்பரை மூடி." ஒருநாளும் தப்பியதில்லை.

அவள் சீதனமாகக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்த பித்தளைக் குடம் ஆற்றுப் படித்துறையில் இடித்து ஓட்டையாகி, ஒட்டுப் போட்டது. தட்டினால் கணீரென்று தொடங்கிப் பாதியில் கரகரக்கும். அவளிடம் சொல்லாமல் அம்மா அதை எடைக்குப் போட்ட அன்று, வியாபாரி ஒரே ஒரு தட்டுத்தான் தட்டினார்.

"அது என் குடம்லா?" உள்ளேயிருந்து அத்தை கேட்டாள்.

"பாத்திரக்காரன் எதிர்த்த வீட்டுல தட்டுதான் மைனி. கண்ணோட காதும் போயிட்டு உங்களுக்கு," என்றாள் அம்மா. வியாபாரி சிரித்தார்.

அத்தை அதை நம்பிவிட்டாள். பிறகு தம்ளர் உருண்டால்கூட, "என்னது விழுந்துது?" என்று கேட்பாள். அம்மா ஒவ்வொரு தடவையும் தப்பான பேர் சொல்லுவாள்.

உருளி தராசில் ஏறியது. இடுப்பு முறிந்து உள்ளறையில் கிடக்கும் அம்மா குரல் கொடுத்தாள். "ஏட்டி, அது நம்ம உருளிதான?"

"எதிர்த்த வீட்டுல தட்டுதான்ம்மா," என்றேன். "இடுப்போட காதும் போயிட்டு உனக்கு."