மொண்ணைப் பக்கம்

எங்கள் கரிசல்காட்டில் பங்காளிச் சண்டைக்கு ஒரு முறை இருந்தது. அருவாளைத் திருப்பிப் பிடித்து மொண்ணைப் பக்கத்தால்தான் அடிக்க வேண்டும். ரத்தம் வந்தால் போலீஸ், கோர்ட்டு, கோவில்பட்டி வக்கீல். வராவிட்டால் குடும்ப விவகாரம். ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி, காப்பி குடித்துவிட்டுக் கலைந்துவிடுவார்கள். இந்த மடத்தனத்தை எல்லோரும் நியாயம் என்றே நம்பினோம், நானும்தான்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு கோடை உழவில், சித்தப்பா எங்கள் வரப்பையும் சேர்த்து உழுதார். வருஷம் ஒரு சால் நகர்ந்து வருவது அவர் வழக்கம். மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து முதல் லீவுக்கு வந்திருந்த நான், மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து நிறுத்தினேன். வாய்க்கு வந்தபடி ஏசவும் செய்தேன். அவர் இடுப்பிலிருந்து அருவாளை உருவித் திருப்பிப் பிடித்தார். தலையைக் காக்க வலது கையை மடக்கித் தூக்கினேன். அடி முழங்கையின் உள்பக்கம் விழுந்தது. சுண்டுவிரல் வரை தீப்பிடித்த மாதிரி இருந்தது. உழவுக் கட்டியில் உருண்டு கத்தினேன். அப்புறமும் முதுகில் இரண்டு போட்டார்.

கூடிய பெரியவர்கள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். எலும்பு முறியவில்லை, சொட்டு ரத்தம் இல்லை. சித்தப்பன்தானே அடித்தான் என்று என் அப்பாவே சொன்னது அடியைவிட வலித்தது.

கல்லூரியில் பிணத்தின் கையை அறுத்துப் பிரித்தபோதுதான் எனக்கு விளங்கியது. முழங்கையின் உள்பக்கம் துருத்தி நிற்கும் எலும்புக்குப் பின்னால் ஒரு பள்ளம். அதில் வெள்ளைக் கயிறு போல அல்நார் நரம்பு ஓடுகிறது. மேலே சதை கிடையாது, வெறும் தோல். கதவில் இடித்தால் ஷாக் அடிக்கிறதே, அது இந்த நரம்புதான். கையை மடக்கினால் இன்னும் விறைத்து நிற்கும். சுண்டுவிரலும் பக்கத்து விரலும் அதை நம்பித்தான் பிழைக்கின்றன. அதை வெட்ட வேண்டாம், நசுக்கினாலே போதும்.

பேராசிரியரிடம் என் கையைக் காட்டினேன். அவர் என் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு காகிதத்தைக் கொடுத்து, இறுக்கிப் பிடிக்கச் சொல்லி இழுத்தார். கட்டைவிரல் நுனி மடங்கியது, காகிதம் அவரிடம் போய்விட்டது. புறங்கையில் குழி விழுந்திருந்தது. சர்ஜன் ஆகும் ஆசையை விட்டுவிடு என்றார். அந்த ஆசைக்காகத்தான் நான் படிக்கவே போனேன்.

அன்றே பஸ் ஏறினேன். வெட்டத்தான் போகிறேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வீட்டு அருவாளை எடுத்துக்கொண்டு, சித்தப்பா மிளகாய் வத்தல் காயப்போட்டிருந்த களத்துக்குப் போனேன். கூர்ப்பக்கத்தால் ஓங்கினேன். பிடியை இறுக்குவது சுண்டுவிரலும் பக்கத்து விரலும்தான். கை இறங்கியது, அருவாள் கையோடு வரவில்லை. பின்னால் வத்தலில் போய் விழுந்தது.

சித்தப்பா அதை எடுத்து வந்தார். மடங்கிக் கிடந்த என் விரல்களை நிமிர்த்திப் பார்த்தார். அவை நிமிரவில்லை. அவர் முகம் கறுத்தது.

"மொண்ணப் பக்கத்தாலதானலே அடிச்சேன்," என்றார். பிறகு அருவாளை என் இடது கையில் வைத்தார். "இந்தக் கையால வெட்டு."

நான் அருவாளைத் திருப்பிப் பிடித்தேன். அவர் தன்னையறியாமல் கையை மடக்கித் தூக்கினார். எங்கே அடிக்க வேண்டும் என்று படித்திருந்தேன், அங்கேயே அடித்தேன். வத்தலில் உருண்டு கத்தினார்.

பெரியவர்கள் வந்து அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். ரத்தம் இல்லை. குடும்ப விவகாரம் என்று சொல்லிக் காப்பி கேட்டார்கள்.