கைக்குட்டையில் எங்கள் ஊர்

பழவேற்காட்டு டச்சுக் கல்லறையில் கேட்டைத் திறப்பதும் கல்மேல் விழுந்த சருகைப் பெருக்குவதும்தான் அப்போது என் வேலை. தினக்கூலி. அதில்தான் நம் வீட்டில் அடுப்பெரிந்தது. உங்களில் பெரியவள் அப்போதுதான் பள்ளிக்கூடம் சேர்ந்திருந்தாள்.

சென்னையிலிருந்து ஆட்களை அழைத்துவரும் வழிகாட்டி ஒருவர் ஞாயிறுதோறும் வருவார். ஒருநாள் அவர்களிடம், "இது சும்மா காடா கெடந்த எடம். டச்சுக்காரன் வந்துதான் புலிகாட்னு பேரே வெச்சான்" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "சார், அந்தப் பேரு நம்மளுது" என்றேன்.

"இன்னா தலைவரே, பூட்டு தொறக்குறதோட நிக்காம ஆராய்ச்சியும் பண்றியா? இன்னா படிச்சிருக்க?"

"எட்டாவது சார். ஆனா தெனமும் இந்தக் கல்லப் பெருக்குறவன் நான்."

ஒரு கல்லில் தண்ணீர் ஊற்றித் துடைத்தேன். டச்சுக்காரன் வெட்டிவைத்த ஊர்ப்பெயர் தெளிந்தது: பலியகாட்டா.

"படிங்க சார். பழவேற்காடுன்னு நம்மாளுங்க சொன்னதக் கேட்டு எழுதனது. அவன் வாயில ழ வரல. பின்னால வந்த வெள்ளைக்காரன் இன்னும் நறுக்கி புலிகாட் ஆக்கிட்டான்."

அதோடு விட்டிருக்கலாம். பொன்னேரி நூலகத்தில் பெரிய இங்கிலீஷ் அகராதியைப் புரட்டியவன் நான், விட மனம் வரவில்லை; அதில் படித்ததையும் சொன்னேன். இங்கே நெய்த துணி இங்கிலாந்துக்குக் கப்பலேறிப் போனது. அங்கே அதைக் கழுத்தில் கட்டியவர்கள் ஊர்ப்பெயரையே துணிக்கு வைத்தார்கள். புலிகாட் என்றால் அந்தக் காலத்து இங்கிலீஷில் வண்ணக் கைக்குட்டை.

"அவன் நமக்குப் பேரு வெக்கல சார். நம்ம பேர எடுத்து மூக்கு தொடைச்சான்."

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

வழிகாட்டி புகார் செய்ய, புதன்கிழமை மேலதிகாரி வந்தார். "வர்றவங்ககிட்ட பேசமாட்டேன்னு எழுதிக் குடு. இல்லன்னா வேற ஆளப் போட்டுக்கறேன்."

பேனாவை வாங்கினேன். உங்கள் முகமெல்லாம் ஒரு நொடி வந்து போனது. "தப்பா சொன்னா பேசுவேன்னு எழுதட்டுமா சார்?" என்று கேட்டேன். சாவியை வாங்கிக்கொண்டார்.

அன்று ராத்திரி உங்கள் அம்மா, "ஊருக்கே நீதான் வக்கீலா?" என்று கேட்டபடி சோறு போட்டாள்.

இப்போது மீன் ஏலக் கூடத்தில் ஐஸ் உடைக்கிறேன். உங்கப்பன் வாயால் வேலையை விட்டவன் என்று பள்ளியில் சீண்டுகிறார்களாம். ஆமாம், விட்டான் என்று சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமையானால் கல்லறைக் கேட்டுக்கு வெளியே, ரோட்டோரம் நின்று, வருகிறவர்களிடம் அந்த ஊர்ப்பெயர்க் கதையைத்தான் சொல்கிறேன். ரோட்டில் நிற்க நான் யாருக்கும் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை.