ஸ்பானியச் சுவடியில் நான் அழித்த எட்டுப் பக்கம்

"சார், எட்டுப் பக்கத்தைக் காணோமாம். நீங்கதானே செக் பண்ணீங்க?"

போனில் மேனேஜர் கவிதா. நான் குத்தாலத்தில் என் வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தேன். "காணோமாவது! வெத்துப் பக்கம்மா அது. நான்தான் டெலீட் பண்ணேன்" என்றேன், பெரிய உபகாரம் செய்தவன் மாதிரி.

தஞ்சாவூரில் ஓலைச்சுவடி ஸ்கேனிங்கில் முப்பது வருஷம் இருந்தவன் நான். சுவடிக்கு மேலும் கீழும் காப்புக்காக எழுதாத ஏடு வைத்துக் கட்டியிருப்பார்கள். அதை நாங்கள் படத்தில் சேர்ப்பதில்லை. அந்தக் கைப்பழக்கம்.

ரிட்டயர் ஆனபின் ஒரு தனியார் கம்பெனி கொடுத்த வேலை இது. ஸ்பெயின் நாட்டுப் பழைய கையெழுத்துப் புத்தகம். ராஜாக்களின் வரலாறு, கடல் தாண்டிப் புது தேசம் தேடிப் போனவர்களின் கதை. அங்கே எடுத்த படங்கள் எனக்கு வரும். ஃபோகஸ், ஓரம், வரிசை பார்த்து ஓகே போடணும். பாஷை தெரிய வேண்டியதில்லை. என் மனைவி போய்ச் சேர்ந்த வருஷம் அது. பேச ஆளில்லை. புரியாத எழுத்தை ஒவ்வொரு பக்கமாகப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருப்பேன். கொடுமைதான், வேறென்ன செய்வது?

கவிதா கோபப்படவில்லை. நிதானமாகத்தான் சொன்னாள்.

"சார், எழுதினவரு அதை வேணும்னே விட்டு வச்சிருக்காரு. ஒரு கப்பல் போயிருக்கு. திரும்பி வந்ததும் சேதி கேட்டு எழுதலாம்னு. கப்பல் வரவே இல்ல. அங்க இதை ஆராய்ச்சி பண்றவங்களுக்கு அந்தப் பக்கம்தான் முக்கியமாம்."

"திரும்ப எடுக்கச் சொல்லும்மா."

"புத்தகத்தை வச்சிருந்தவங்க அதை வித்துட்டாங்க சார். வாங்கினவரு திறக்க விடமாட்டேங்கிறாரு. நீங்க ஓகே போட்டதும் கேமரா கார்டையும் அழிச்சுட்டாங்க."

என் ரீசைக்கிள் பின்னும் காலி. அன்றன்றைக்கே காலி செய்துவிடுவேன். சுத்தமாம், மண்ணாங்கட்டி!

"அதுல என்ன இருந்துச்சுன்னு எழுதித் தர்றீங்களா சார்? இல்லேன்னா இந்த வேலையே நம்ம கைவிட்டுப் போயிடும்."

எழுத உட்கார்ந்தேன். எல்லாம் அப்படியே ஞாபகம் வந்தது, எனக்கே ஆச்சரியம். எழுத்து நேராக வர மை தொடாமல் கீறிய கோடுகள், பக்கத்துக்கு இருபத்தாறு. முதல் நாலு பக்கத்தையும் துளைத்துப் போன ஒரு பூச்சி ஓட்டை. கீழ் மூலையில் ஈரக் கறை. ஆறாம் பக்கத்தில், முதல் கோட்டின் தொடக்கத்தில், ஒரு மைப்புள்ளி. பேனாவை வைத்துவிட்டு எடுத்திருக்கிறார். 'பாவம், காத்திருந்தார்' என்றும் எழுதினேன். "ஊகம் வேணாம் சார்" என்று கவிதா அதை எடுத்துவிட்டாள்.

குறிப்பை அங்கே ஏற்றுக்கொண்டார்கள். வேலை தப்பியது. புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எது வெத்து என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள், ஒரு வார்த்தை கேளுங்கள்.

அத்தனை வருஷம் சுவடி பார்த்தேன், எந்தப் பட்டியலிலும் என் பெயர் வந்ததில்லை. இந்த ஸ்பானியப் புத்தகத்தின் பட்டியலில் இரண்டு தரம் இருக்கிறது. பக்கங்களை அழித்தவர் என்று ஒரு தரம், அதில் இருந்ததைச் சொன்னவர் என்று ஒரு தரம்.