ஸ்டெல்லா சொன்ன இத்தாலி வார்த்தைகள்

போன வாரம் இதே இடத்தில், வெளிநாட்டு மொழிகளில் எனக்குப் பிடித்த வார்த்தைகளைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? நிறைய பேர் போன் செய்து பாராட்டினீர்கள். தயவுசெய்து அந்தப் பாராட்டையெல்லாம் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வார்த்தைகளில் முக்கால்வாசி எங்கள் தெருவில் இருக்கும் ஸ்டெல்லா கொடுத்தவை. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில், பினிஷிங் செக்‌ஷனில் பதினான்கு வருடமாக வேலை. சரக்கைப் பரிசோதிக்க இத்தாலியிலிருந்து வரும் இன்ஸ்பெக்டருக்குப் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு ஜோடியாக எடுத்துக் கொடுக்க வேண்டும். இத்தனை வருடம் கேட்டால் மொழி ஒட்டிக்கொள்ளாதா என்ன?

'பெல்லா' என்றால் அழகு. 'பியானோ பியானோ' என்றால் மெதுவாக, அவசரப்படாதே. தோல் சுருங்காமல் வந்துவிட்டால் 'பெனே' — நல்லது. வீட்டில் குழம்பு நன்றாக வந்தாலும் ஸ்டெல்லா 'பெனே' என்றுதான் சொல்வார். கேட்கக் கேட்க எனக்கு ஒரே குஷி. ஒரு வாரத்துக்கு மேட்டர் கிடைத்துவிட்டதே!

நான் கிளம்பும்போது ஸ்டெல்லா இன்னொன்று சொன்னார். 'உல்திமோ'. லோடு ஏற்றும் நாளில் கடைசி அட்டைப்பெட்டியைத் தட்டி இன்ஸ்பெக்டர் அப்படிச் சொல்வாராம். கடைசி என்று அர்த்தம். பெண்கள் எல்லோரும் கோரஸாக அதையே சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்புவார்கள்.

இந்த முறை அவர் பெட்டியைத் தட்டிச் சொல்லவில்லை. இவர்களுக்கு என்ன புரியப்போகிறது என்ற தைரியத்தில், ஸ்டெல்லாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே போனில் சொல்லியிருக்கிறார் — ஆம்பூருக்கு இதுதான் உல்திமோ ஆர்டர் என்று.

"மேனேஜர்கிட்ட கேட்டேன்ணா. உனக்கு இன்னா தெரியும் இத்தாலி, போய் வேலையப் பாருன்னுட்டாரு. பொண்ணுங்ககிட்ட சொன்னா சிரிக்குதுங்க. பேரணாம்பட்டு ரோட்ல ஒரு கம்பெனில சனிக்கிழமை வரைக்கும் ஆள் எடுக்குறாங்க. நீங்க எழுதினா நம்புவாங்க, இப்பவே போய்டுவாங்க."

நான் என்ன செய்தேன்? ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு கம்பெனிக்கே பூட்டுப் போடுகிறாயே என்று கிண்டல் செய்தேன். பத்தி கலகலப்பாக இருக்க வேண்டும், இதில் சோகம் எதற்கு... இனிக்கிற வார்த்தைகளை மட்டும் பொறுக்கிக்கொண்டு வந்துவிட்டேன். பத்தி வெளியானது வியாழக்கிழமை. சனிக்கிழமைக்கு இரண்டு நாள் மிச்சம் இருந்தது.

இந்தச் செவ்வாய்க்கிழமை காலை, கம்பெனியை மூடுவதாகக் கேட்டில் நோட்டீஸ். ஸ்டெல்லாவின் செக்‌ஷனில் மட்டும் அறுபது பெண்கள். டிபன் பாக்ஸோடு வந்தவர்கள் வெயிலில் அப்படியே நின்றார்கள். அங்கிருந்தே ஷேர் ஆட்டோ பிடித்துப் பேரணாம்பட்டு ரோட்டுக்குப் போனவர்களை, ஆள் எடுத்து முடித்தாகிவிட்டது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அழகு, அருமை என்று சொல்லும் வார்த்தைகளை எந்த நாட்டிலிருந்து வந்தாலும் வாங்கி வைத்துக்கொள்கிறோம். ஆபத்து என்று சொல்லும் வார்த்தையை, அதுவும் ஷூவுக்குப் பாலிஷ் போடும் ஒரு பெண் சொன்னால், யார் காது கொடுக்கிறோம்?

நேற்று ஸ்டெல்லா வீட்டுக்குப் போனேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தேவலை. டீ கொடுத்தார். அறுபது பேரில் ஒருத்தருக்குக்கூட இன்னும் வேறு இடத்தில் வேலை கிடைக்கவில்லை என்றார். பிறகு மெதுவாகத்தான் கேட்டார்.

"அத்தனை வார்த்தை போட்டீங்களேண்ணா. அந்த ஒண்ணுக்கு எடம் இல்லியா?"

இடம் இருந்தது. அந்த இடத்தில் நான் ஒரு ஜோக் எழுதியிருந்தேன்.