செவ்வாய்க் கிரகத்து டிரங்க் கால்

முப்பத்தோரு வருடம் தொலைபேசி நிலையத்தில் டிரங்க் கால் எனும் வெளியூர் அழைப்புகளை இணைத்துக் கொடுத்தவர் அவர். தேநீர் இடைவேளையில், வீணான தாள்களின் பின்பக்கத்தில் விஞ்ஞானக் கதைகள் எழுதுவார். ஒரு வாரப் பத்திரிகை அவற்றைப் போட்டது. நிலையத்தில் எல்லோருக்கும் அவர் 'ராக்கெட்'. மனைவி மட்டும் ஒன்றைக்கூடப் படித்ததில்லை.

"வானத்துல என்ன நடந்தா எனக்கென்ன? இங்க வீட்டுல நடக்கறத முதல்ல பாருங்க" என்பாள்.

ஒரே மகளுக்கு நான்கு வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. அன்று பகல் அவருக்குப் பணி. மருந்துக்கடைத் தொலைபேசியிலிருந்து மனைவி திரும்பத் திரும்ப நிலையத்தைக் கூப்பிட்டாள். லைன் கிடைக்கவில்லை. அவர் ஊரார் அழைப்புகளை இணைத்துக்கொண்டிருந்தார். வீடு திரும்பியபோது குழந்தையை முகத்தையும் மூடிப் போர்த்தியிருந்தார்கள்.

மூன்று மாதம் கழித்து அவர் எழுதிய ஒரு கதை வந்தது. செவ்வாய்க் கிரகத்தில் வேலை செய்யும் ஒருவன், பூமியில் காய்ச்சலில் கிடக்கும் மகளோடு பேச டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கிறான். லைன் கிடைத்து, அவள் "அப்பா" என்று தொடங்கும்போது, "மூன்று நிமிடம் முடிந்தது" என்று ஆபரேட்டர் துண்டிக்கிறான். அதன்பின் அவர் எழுதவேயில்லை. பத்திரிகையும் நின்றுபோனது.

ஐம்பது வருடம் போயிற்று. நூலகம் எடைக்குப் போடவிருந்த பழைய பத்திரிகைக் கட்டுகளில் அந்தக் கதைகளைக் கண்டெடுத்த பதிப்பாளர் பெண், புத்தகமாகப் போட அவரைத் தேடி வந்தாள். கிழவருக்குத் தலைகால் புரியவில்லை. பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு இரண்டு வாரம் உட்கார்ந்து, செவ்வாயின் தூரம், குரல் வந்து சேரும் நேரம் என்று பிழைகளைத் திருத்தி வைத்தார்.

"ஐயோ சார், ஒரு எழுத்துகூட மாத்தாதீங்க! இந்தத் தப்புங்கதான் புத்தகத்துக்கே அழகு" என்றாள் அவள்.

அவருக்கு முழுதாக விளங்கவில்லை. சரி என்றார்.

வெளியீட்டு விழாவில் ஒரு நாடக நடிகர் அந்தச் செவ்வாய்க் கதையை வாசித்தார். ஆபரேட்டருக்கு மூக்கால் ஒரு குரல், செவ்வாய்க்காரனுக்குக் கட்டைக் குரல். செவ்வாயில் கறுப்புத் தொலைபேசியின் டயலைச் சுழற்றும் இடத்திலேயே அரங்கம் கொல்லென்று சிரித்தது. "மூன்று நிமிடம் முடிந்தது" வந்தபோது கண்ணில் நீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். மேடையில் இருந்தவர்கள் சிரித்தபடியே அவர் பக்கம் திரும்பினார்கள். ஒரு கணம் விழித்தார். பிறகு அவரும் சிரித்தார்.

முதல் வரிசையில் மனைவி அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

ஆட்டோவில் பாதி வழி வந்ததும் கேட்டாள்.

"அது நம்ம பொண்ணுதானே?"

"ம்."

"எழுதினது தப்பில்ல. உங்களுக்கு அழ வேற இடம் இல்லாம இருந்திருக்கும். ஆனா நீங்க எதுக்குச் சிரிச்சீங்க?"

"எல்லாரும் என்னையே பாத்தாங்க. என்ன செய்யச் சொல்ற?"

அவள் வெளியே பார்த்துக்கொண்டாள். அன்றிலிருந்து சாப்பாடு வைத்தாள், மாத்திரை எடுத்துக் கொடுத்தாள், பேச்சு மட்டும் இல்லை.

புத்தகம் சக்கைப்போடு போட்டது. வெளியூரில் ஒரு கல்லூரி கூப்பிட்டது. இந்த முறை கதையை அவரே வாசிக்க வேண்டும் என்றாள் பதிப்பாளர் பெண். போனார். முதல் இரண்டு பக்கம் குரல் நடுங்கியது. பிள்ளைகள் கைபேசியை நோண்டத் தொடங்கினார்கள். மூன்றாம் பக்கத்தில் ஆபரேட்டரின் பேச்சை மூக்கால் பேசிப் பார்த்தார். அரங்கம் நிமிர்ந்தது. அடுத்த வரிக்கு முன்னால், சிரிப்பு அடங்கட்டும் என்று நிறுத்திக் காத்திருந்தார்.

பிறகு எட்டு ஊர் போனார். எந்த இடத்தில் எவ்வளவு நிறுத்த வேண்டும் என்பது அத்துப்படி ஆகிவிட்டது. ஒன்பதாவது ஊருக்குக் கிளம்புகையில், பையில் மடித்த சட்டையை வைத்துக்கொண்டே, "நீயும் வர்றியா?" என்று கேட்டார்.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கியதும் மனைவி கதவைத் தாழிட்டாள்.