நிலாவில் நட்ட கொடி

குடவாசலில் பஸ் நிற்கிறது. அமெரிக்காக்காரன் நிலாவில் இறங்கிக் கொடி நட்டுவிட்டான் என்று டீக்கடை ரேடியோ சொல்கிறது. எனக்கு வயிறு எரிகிறது. ரஷ்யாக்காரன்தான் முதலில் போவான் என்று எல்லோரிடமும் சண்டை போட்டவன் நான்.

கடைக்கு எதிரே நடவு வயல். கூலித் தகராறு. சங்கம் கொடி நட்டுவிட்டால் அந்த வயலில் யாரும் வேலைக்கு இறங்கமாட்டார்கள். காலையில் நட்ட செங்கொடியை மிராசுதாரின் ஆட்கள் பிடுங்கி வாய்க்காலில் எறிந்திருக்கிறார்கள். அதை எடுத்துச் சேறு போகப் பிழிந்துகொண்டே, நடவுக்கு வந்த பெண் ஒருத்தி என்னிடம் கேட்கிறாள்:

"ஏங்க, நிலாவுல நட்டதை யாரும் பிடுங்கலையா?"

"அங்க ஆளே கிடையாதும்மா."

"மிராசுதாரும் கிடையாதா?"

"கிடையாது."

"கொடுத்துவச்சவனுங்க," என்கிறாள். பிறகு கொடியைக் கம்பில் இறுக்கிக் கட்டி, மறுபடியும் அதை நட வயலில் இறங்குகிறாள்.