எட்டு பெல்ட், பதினாறு போல்ட்

திண்டிவனத்தில் டிரங்க் ரோட்டோரம் பஸ்ஸுக்கும் வேனுக்கும் பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்த்தேன். வண்டி வெளியே போகுமுன் கதவு, சீட், விளக்கு என்று ஒவ்வொன்றாகச் சோதித்து நோட்டில் கையெழுத்துப் போடுவது என் பொறுப்பு. என் டயரியில் ஒரு வண்டிக்கு மூன்று வரிக்கு மேல் எழுதியதில்லை. அறுபதுகளின் நடுவில் கட்டிய ஒரு வேனுக்கு மட்டும் நாலு பக்கம் இருக்கிறது.

அது ஓர் ஆஸ்பத்திரி வேன். கிராமங்களிலிருந்து நோயாளிகளை ஏற்றிவருவதற்கானது. முன்பு ஒரு நாள் ஆஸ்பத்திரி ஜீப் மாட்டுக்காகத் திடீரென்று பிரேக் போட்டதில், உள்ளே இருந்த நர்ஸுக்கு நெற்றி கிழிந்துவிட்டதாம். அதனால் அங்கிருந்த வெள்ளைக்கார டாக்டரம்மா தன் ஊரிலிருந்து எட்டு சீட் பெல்ட்டுகளை வரவழைத்து எங்களிடம் கொடுத்தார். கூடவே இங்கிலீஷில் அச்சடித்த இரண்டு தாள்.

எங்கள் மேஸ்திரி ஒரு பெல்ட்டைத் தூக்கிப் பார்த்தார். "இன்னாபா இது? பிரசவத்துக்குப் போற பொம்பளைய மூட்டை மாதிரி கட்டிக்கினு போவணுமா?"

சிரித்தோம். சீட்டை எப்படிப் பூட்டுவோமோ அப்படியே பெல்ட்டையும் பூட்டினோம்: தேக்குப் பலகைத் தரையில் துளை, போல்ட், வாஷர், நட்டு. எங்கள் பட்டறையில் ஒரு சீட் தேறியதா என்பதற்கு ஒரே சோதனைதான். மேஸ்திரி நல்ல கனம். அவர் உட்கார்ந்து மூன்று முறை குலுக்குவார். கிறீச் என்ற சத்தம் வராவிட்டால் தேறியது. பெல்ட்டுகளையும் அப்படியே இழுத்துக் குலுக்கினார். நான் பதினாறு நட்டிலும் ஸ்பேனர் வைத்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

"தாங்குமா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"தாங்கும்மா" என்றேன்.

அவர் போன பிறகுதான் இரண்டாவது தாளை முழுதாகப் படித்தேன். பெல்ட்டை வண்டியின் இரும்புச் சட்டத்தோடு பிணைக்க வேண்டும், பலகையோடு அல்ல என்று தெளிவாகப் போட்டிருந்தது. முதலில் படித்திருக்க வேண்டியது நான்தான்.

முதலாளியிடம் சொன்னேன். "நாளன்னிக்கு பிரேக் இன்ஸ்பெக்டர் விழுப்புரம் வர்றாரு. வண்டியை அங்க காட்டணும். தேக்குய்யா அது! பேஜாரு பண்ணாம போ" என்றார்.

அரை மணி நேரம் கேட்டேன். பக்கத்து வேர்க்கடலை மண்டியில் இரண்டு மல்லாட்டை மூட்டை இரவல் வாங்கி, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வைத்து பெல்ட் போட்டேன். முதலாளி, மேஸ்திரி, நான் மூவரும் வெளியே நின்றோம். எங்கள் பட்டறை டிரைவர் தண்ணி வற்றிய ஏரியில் வேகமாக ஓட்டி, நான் கை காட்டிய இடத்தில் பிரேக்கை அழுத்தினார்.

இடது மூட்டை அசையவில்லை. வலது மூட்டை பெல்ட், போல்ட், வாஷர் எல்லாவற்றோடும் பிய்த்துக்கொண்டு வந்து டிரைவர் சீட்டின் முதுகில் மோதியது.

டிரைவர் இறங்கி முதுகைத் தேய்த்தார். "என் பொண்டாட்டி கூட இப்படி வந்து கட்டிப் புடிச்சதில்லீங்க."

யாரும் சிரிக்கவில்லை. பலகையில் வாஷர் அளவுக்கு வட்டமாக ஓட்டை. நட்டு மட்டும் இறுக்கமாகவே இருந்தது. நான் சோதித்தது அதை மட்டும்தான்.

"பெரிய வாஷரா போட்டு ஜல்தி முடிங்கடா" என்றார் முதலாளி.

"நோட்டுல என் கையெழுத்தை அடிச்சிட்டேங்க" என்றேன். அவர் முகம் சிவந்தது. ஆனால் அதற்குள் மேஸ்திரி ஸ்பேனரோடு வண்டிக்கு அடியில் போய்விட்டார். அங்கிருந்து குரல் மட்டும் வந்தது: "பதினாறையும் கழட்டுறேன் மொதலாளி. என் கை பட்ட வண்டியில இப்படி ஒன்னு வரக்கூடாது."

ஒன்றரை நாள் வேலை. தரைக்கு அடியில் குறுக்கே இரும்பு ஆங்கிள் ஓட்டி, அதை வண்டியின் இரும்புச் சட்டமான சேஸிஸோடு பிணைத்தோம். ஒவ்வொரு போல்ட்டுக்கும் உள்ளங்கை அகலத் தகடு, இரட்டை நட்டு. தாளில் இருந்ததை நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்ல, மேஸ்திரி செய்தார். ஒரு வரியையும் தாண்டவிடவில்லை.

மறுபடி ஏரி. இந்த முறை ஏழு மூட்டைதான். எட்டாவது சீட்டில், யார் சொல்லியும் கேட்காமல் மேஸ்திரியே உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டார். டிரைவர் முன்னைவிட வேகமாகப் போய் பிரேக் போட்டார். புழுதி அடங்குமுன்பே வண்டியிடம் ஓடினேன். கதவைத் திறந்தேன். எட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. மேஸ்திரியின் தோள் துண்டு மட்டும் முன்னால் போய் விழுந்திருந்தது.

"இன்னாபா, வண்டி நின்னுட்ச்சா?" என்றார்.

விழுப்புரத்தில் இன்ஸ்பெக்டர் பிரேக், ஹாரன், விளக்கு பார்த்தார். பெல்ட்டைப் பார்த்ததும், "இதுக்கு எங்க ஃபாரத்துல கட்டமே கெடையாதேப்பா. யாரு போடச் சொன்னது?" என்றார். தாளைக் காட்டினேன். சட்டை அழுக்காவதைப் பற்றிக் கவலைப்படாமல் படுத்து அடித் தகடுகளைப் பார்த்தவர், பக்கத்தில் நின்ற இன்னொரு பட்டறைக்காரரைக் கூப்பிட்டு, "நீயும் வந்து பாரு" என்றார். அந்த ஆள் குனிந்து பார்த்தபோது எனக்கு உண்டான பெருமிதத்தை டயரியில் எழுதக் கூச்சப்பட்டு விட்டுவிட்டேன். இப்போது எழுதுகிறேன்.

வண்டியை ஒப்படைக்கும்போது டாக்டரம்மாவிடம், நான் முதலில் தாங்கும் என்று சொன்னது தவறு என்பதையும் மூட்டை பிய்த்துக்கொண்டு வந்ததையும் மறைக்காமல் சொன்னேன். அவர் பின் சீட்டில் ஏறி, பெல்ட்டை மாட்டிக்கொண்டு புறப்பட்டார்.

இரண்டு வாரம் கழித்து ஆஸ்பத்திரியின் அந்தப் பழைய ஜீப் எங்கள் பட்டறை வாசலில் நின்றது. பெல்ட் இல்லாத வண்டியில் இனி ஏறமாட்டோம் என்று நர்ஸுகள் சொல்லிவிட்டார்களாம். நான் தாளைத் தேடி எடுப்பதற்குள் மேஸ்திரி ஜீப்புக்கு அடியில் படுத்து, சேஸிஸில் சாக்பீஸால் குறி போட்டுக்கொண்டிருந்தார்.